நுவார் படத்தின் இருட்டு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் என் மகளுக்கு இயக்குநர் பில்லி வைல்டரின் ‘டபுள் இண்டெம்னிட்டி’ பாடமாக இருக்கிறது. ‘நுவார்’ எனப்படும், இருட்டும் நிழலும் நிறைந்த பழைய குற்றப்பட வகையைச் சேர்ந்தது. விழுமியங்கள், பின்னணி, திரைநுட்பங்கள் என்று மூன்று கட்டம் போட்ட தாளில் குறிப்பெழுத வேண்டுமாம். அவளுக்கு உதவலாம் என்று நானும் படத்தைப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் முகவர் ஒருவன் வாடிக்கையாளரின் மனைவியோடு சேர்ந்து அவரைக் கொன்று, ரயிலிலிருந்து தவறி விழுந்ததாகக் காட்டி, விபத்துச் சாவுக்கான இரட்டைத் தொகை பெற முயல்கிறான். இருவரும் அழிகிறார்கள், அழிவுக்குக் காரணம் பெண். இது பழைய நீதிக்கதைதானே? எல்லாரும் வியக்கும் அந்த இருட்டும் நிழலும் குற்றத்தின் குறியீடு என்பதைத் தாண்டி வேறு பொருள் கொண்டவையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

கொலைக்கு முன்னும் பின்னும் அந்த முகவர் வால்ட்டர் நெஃபும் வாடிக்கையாளரின் மனைவி ஃபிலிஸும் எங்கே சந்தித்துப் பேசுகிறார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருட்டுச் சந்தில் அல்ல, பளிச்சென்று வெளிச்சம் விழும் சூப்பர் மார்க்கெட்டில். டின்கள் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே, ஒருவரையொருவர் பார்க்காமல், சாமான் தேர்ந்தெடுப்பவர்களைப் போல நின்றுகொண்டு ஒரு மனிதனின் சாவைப் பேசுகிறார்கள். மேல்தட்டில் இருப்பதை எடுத்துத் தரச் சொல்லி நடுவில் ஒரு பெண்மணி வேறு வந்துவிடுகிறார். இருட்டுதான் குற்றத்தின் குறியீடு என்றால் இந்தக் காட்சி படத்தில் இருக்கவே கூடாது.

ஃபிலிஸின் வீட்டு வரவேற்பறைக்கும் இதே நியாயம்தான். வெனிஷியன் பிளைண்ட் எனும் பட்டைத் திரை ஜன்னலில் விழுத்தும் நிழல்கள் சிறைக் கம்பிகளைச் சுட்டுகின்றன என்று எல்லா வழிகாட்டி நூல்களும் எழுதிவிட்டன. உங்கள் மகளும் எழுதட்டும், மதிப்பெண் கிடைக்கும். நான் பார்க்கச் சொல்வது அந்த வெளிச்சத்தில் மிதக்கும் தூசியை. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அதற்காக அலுமினியத் தூளைக் காற்றில் பறக்கவிட்டார். நட்சத்திரங்களின் வீடு என்றாலே பளபளப்பாகக் காட்டிப் பழகிய ஹாலிவுட்டில், வெயில் நுழைந்தும் புழுக்கம் போகாத, பெருக்கித் துடைக்காத ஒரு நடுத்தர வர்க்க வீட்டைக் காட்டப் பட்ட பாடு அது. குற்றம் வேறு உலகத்தில் நடப்பதல்ல, காப்பீட்டுப் பாலிசி புதுப்பிக்கப்படும் சாதாரண வரவேற்பறையில் தொடங்குவது என்பதே இந்த ஒளியமைப்பு சொல்வது.

பின்னணி என்ற கட்டத்தில், இரண்டாம் உலகப்போர் முடிந்த பின் அமெரிக்கர்களுக்கு ஏற்பட்ட மனச்சோர்வே நுவாரைப் பிறப்பித்தது என்று எழுதுவது வழக்கம். இந்தப் படத்துக்கு அது பொருந்தாது. படம் வெளியான 1944இல் போர் முடியவில்லை, கதை நிகழ்வது 1938இல், ஜேம்ஸ் எம். கெயின் எழுதிய மூலக்கதை 1936லேயே ஒரு வார இதழில் தொடராக வந்தது. அதற்கும் பின்னே 1927இல் நியூயார்க்கில் ஒரு பெண் காதலனோடு சேர்ந்து காப்பீட்டுத் தொகைக்காகக் கணவனைக் கொன்ற உண்மை வழக்கு இருக்கிறது. ‘நுவார்’ என்ற பெயரே 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் இட்டது. ஆகவே நான் பின்னணியாகக் கொள்வது இரண்டை: பொருளாதார மந்தக் காலத்துப் பண ஆசை ஒன்று, ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் மற்றொன்று. அந்த விதிகளைக் காட்டித்தான் இந்தக் கதையைப் படமாக்கவிடாமல் பல வருடங்கள் தடுத்துவைத்திருந்தார்கள்.

குற்றவாளி தண்டனை பெற்றாக வேண்டும் என்பது விதி. வைல்டரும் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரும் திரைக்கதை எழுதும்போது அந்தத் தண்டனையைக் கதையின் முடிவில் வைக்காமல் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். குண்டடிபட்ட நெஃப் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, டிக்டஃபோன் எனும் குரல்பதிவுக் கருவியில், காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அதிகாரி கீஸுக்கு வாக்குமூலம் பேசத் தொடங்குகிறான். கொன்றது நான்தான், பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்று அப்போதே சொல்லிவிடுகிறான். நீதிக்கதையின் முடிவு முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிட்டதால், மிச்சப் படம் முழுக்க நாம் கவனிப்பது அவன் எப்படி வழுக்கினான் என்பதை மட்டும்தான். நச்சுவாயு அறையில் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறும் காட்சியையும் வைல்டர் எடுத்தார், பிறகு வேண்டாம் என்று நீக்கிவிட்டார். வெறும் நீதிக்கதை சொல்ல வந்தவர் அதைத்தானே முதலில் வைத்திருப்பார்?

அழிவுக்குக் காரணம் பெண் என்றீர்கள். அப்படிச் சொல்வது யார்? நாம் ஃபிலிஸை முதலில் நெருங்கிப் பார்ப்பது மாடிப்படியில் இறங்கிவரும் அவள் கணுக்காலில் உள்ள சங்கிலியாக, அதாவது நெஃபின் கண்ணாக. படம் முழுக்க ஓர் ஆண் இன்னோர் ஆணுக்குக் கொடுக்கும் சாட்சியம். அவள் தரப்பைச் சொல்ல ஆளில்லை. இதனால் படத்தின் மீதான குற்றச்சாட்டு முழுவதும் நீங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கடைசிச் சந்திப்பில் நெஃபை ஒருமுறை சுட்ட அவளால் இரண்டாவது முறை சுட முடியவில்லை. ஏன் என்று அவள் சொல்லும் காரணத்தை அவன் நம்பவில்லை, படமும் அதை நம்பியதா என்று தெளிவாகத் தெரியவில்லை. அந்த மழுப்பல் எனக்கு இன்றும் ஒரு குறையாகவே படுகிறது.

படத்தின் விழுமியம் என்ன என்று கேட்டால் நான் கீஸைத்தான் காட்டுவேன். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த அந்தக் குள்ளமான, சிடுசிடுப்பான கிளெய்ம் அதிகாரி, தற்கொலை செய்துகொள்பவர்களைப் பற்றிய புள்ளிவிவர அட்டவணைகளை மூச்சுவிடாமல் ஒப்பித்து, ஓடும் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து குதித்துச் செத்தவன் எவனும் இல்லை என்று, இது தற்கொலை என வாதிடும் முதலாளியையே மடக்குகிறார். எல்லாச் சாவையும் கணக்கில் அடக்கத் தெரிந்த அவருக்கு, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பன் மட்டும் கணக்கில் தட்டுப்படவில்லை.

அவர் சட்டைப்பையில் சுருட்டு இருக்கும், தீப்பெட்டி இருக்காது. ஒவ்வொரு முறையும் நெஃப் கட்டைவிரல் நகத்தால் தீக்குச்சியை உரசிப் பற்றவைக்கிறான். கடைசிக் காட்சியில் அவன் கதவருகே சரிந்து கிடக்கிறான். சிகரெட்டைப் பற்றவைக்கக் கைக்கு வலுவில்லை. கீஸ் குனிந்து, அதே மாதிரி குச்சியை உரசி, அவனுக்குப் பற்றவைக்கிறார். போலீஸும் ஆம்புலன்ஸும் இன்னும் வரவில்லை, படம் அங்கேயே முடிகிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மகள் கேட்டால், மூன்று கட்டங்களின் கோடுகளையும் அழித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.