அரெப்பாவின் மாவை விடுங்கள், பார்சல் கிடந்த நேரத்தைப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சீசனுக்கு நிற்கும் ஒரு ஃபுட் ட்ரக்கில் துருக்கிச் சாப்பாடும் வெனிசுவேலாச் சாப்பாடும் விற்கிறார்கள். போன சனி பின்னேரம் ஏழு மணிக்கு நானும் கணவரும் அங்கேயே டோனர் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒன்றுமில்லை. ஒன்பது வயது மகளுக்குக் கோழியும் அவகாடோவும் வைத்த அரெப்பா (வெனிசுவேலாச் சோள ரொட்டி) பார்சல் கட்டி வந்தோம். அவள் பத்து மணிக்குத்தான் சாப்பிட்டாள். ஒரு மணிக்குச் சத்தி தொடங்கி நாலைந்து தரம் எடுத்தாள். ஞாயிறு மத்தியானம் தெளிந்துவிட்டாள். அரெப்பாவின் உள்ளே மா பச்சையாக, ஈரமாக இருந்தது. கடைக்காரர் "அது அப்படித்தான்" என்கிறார். தெரிந்த ஒருவர் பேசிப் பத்தாயிரம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில் (ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):

பிள்ளை தெளிந்தது நல்லது. இரண்டு நாளைக்கு நீராகாரமும் ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) கொடுங்கள். காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ, சலம் குறைவதோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மா விஷயத்தில் கடைக்காரர் சொன்னது உண்மை. அரெப்பாவுக்கு எடுப்பது ஏற்கெனவே வேகவைத்துக் காயவைத்த சோள மா. வெனிசுவேலாவில் 1960இலிருந்து அது பைக்கற்றில் விற்கப்படுகிறது. தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, தட்டி, கல்லில் போடுவார்கள். வெளியே மொறுமொறு என்று இருக்கும். உள்ளே அவித்த புட்டு மாதிரி ஈரமாகத்தான் இருக்கும். அதைப் பச்சை மா என்று திருப்பிக் கொடுக்கிற ஆட்கள் நிறைய. நான் மாவைச் சந்தேகிக்க மாட்டேன்.

என் சந்தேகம் உள்ளே வைத்த கோழியில்தான். அவித்த கோழியைக் கையால் பிய்த்து, அவகாடோவும் மயோனைஸும் சேர்த்துக் குழைப்பார்கள். அதற்குப் பிறகு அது அடுப்பைக் காண்பதில்லை. பிய்த்தவருடைய விரலில் ஒரு சின்னப் புண் இருந்தாலோ, மூக்கைத் தொட்ட கையைக் கழுவாமல் விட்டாலோ, ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற கிருமி உள்ளே போய்விடும். சூடான இடத்தில் பெருகி நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி, பெரும்பாலும் ஒரு நாளில் தெளிவு. உங்கள் மகளுக்கு நடந்தது இதோடு பொருந்துகிறது.

ஆனால் பார்சலைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சமைத்த இறைச்சி 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. வெக்கை 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். ஏழு மணிக்கு வாங்கிப் பத்து மணிக்குச் சாப்பிட்டால் மூன்று மணித்தியாலம். அதற்கு முதல் ட்ரக்கில் அந்தக் கலவை எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களைக் குறை சொல்லவில்லை. பார்சல் கட்டும்போது "உடனே சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் பிரிட்ஜில் வையுங்கள்" என்று சொல்ல வேண்டியது விற்பவருடைய பொறுப்பு. அங்கேயே சாப்பிட்ட வேறு யாருக்கும் இப்படி வந்ததா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் கோளாறு ட்ரக்கில். உங்கள் மகளுக்கு மட்டும் என்றால் அந்த மூன்று மணித்தியாலத்தையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

அடுத்து, அந்தப் பத்தாயிரம். தயவுசெய்து வாங்காதீர்கள். பேசித் தீர்க்கிற ஆட்களை என் சேவைக்காலம் முழுக்கப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காசு எடுப்பார்கள். ஒரு குடும்பம் இப்படித்தான் "எங்களுக்கு முறைப்பாடு இல்லை" என்று கையெழுத்து வைத்துக் காசு வாங்கியது. நான்காம் நாள் அதே கடைச் சாப்பாட்டில் இன்னொரு வீட்டில் மூன்று பேர் விழுந்தார்கள். நான் போய்க் கேட்டபோது முதல் குடும்பம் வாய் திறக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டார்களே! இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

நேராக எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போய் உங்கள் பகுதிப் பி.எச்.ஐ.யை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) கேளுங்கள். வாங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், சத்தி தொடங்கிய நேரம், அங்கே சாப்பிட்டவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பில் இருந்தால் அதுவும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அவர் ட்ரக்கைச் சோதிக்கலாம், மாதிரி எடுக்கலாம். சிலர் 1977 என்ற இலக்கத்துக்கு ஃபோன் அடிக்கச் சொல்வார்கள். அது பாவனையாளர் அதிகாரசபை, விலை, பில் சண்டைக்குத்தான் சரி. மகளை டாக்டரிடம் காட்டியிருந்தால், உணவு நஞ்சாதல் அறிவிக்க வேண்டிய நோய், எம்.ஓ.எச்.க்கு அறிவித்தல் படிவம் அனுப்பினாரா என்று கேளுங்கள். தனியார் கிளினிக்குகள் பல அனுப்புவதே இல்லை. அனுப்பினால்தானே எங்களுக்குத் தெரியும்?

அலைக்கழிப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகரம் ஒரு சபை, உப்புவெளி பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபை. ட்ரக் அரை மணித்தியாலத்தில் மூன்றையும் கடந்துவிடும். "எங்கள் எல்லை இல்லை" என்று யாராவது சொன்னால், அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் எல்லை எப்படியோ கிடைத்துவிடும்.

நீங்கள் டோனர் சாப்பிட்டதில் ஒன்றும் ஆகவில்லை, சரி. ஆனால் அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். கம்பியில் சுற்றும் இறைச்சியில் வெளிப்பக்கம் மட்டும்தான் வெந்திருக்கும். கூட்டம் வந்தால் அவசரத்தில் கத்தியை ஆழமாக விடுவார்கள். வெளிறிய, வழுவழுப்பான துண்டு வரும். கூட்டம் குறைந்தால் காஸை மிச்சம் பிடிக்க நெருப்பை அணைத்துவிட்டுத் திரும்ப மூட்டுவார்கள். எரியாத நெருப்பின் முன் இறைச்சி நிற்பதைக் கண்டால், வேறு ஏதாவது ஓர்டர் பண்ணுங்கள்.