கமரா கேள்வி – பதில்: மழை, மண்டபச் சுவர், பூஞ்சணம்

"எங்கள் படக் குழுவில் பதினான்கு பேர். மாதம் ஒரு ஞாயிறு சேர்ந்து படமெடுக்கப் போவோம். ஜூனில் வைத்த நடை இரண்டு தடவையும் மழையோடு போய்விட்டது. மழைக்காலம் முடியும்வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?"
– தலவாக்கலை வாசகர்

மலையின் மறுபக்கம் போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை என்று மேற்குச் சரிவிலேயே தண்ணீரைக் கொட்டித் தீர்த்துவிடும். பட்டிப்பொளைக்கும் ஒஹியாவுக்கும் நடுவிலுள்ள சுரங்கம் 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. இந்த வாயில் தூறல், அந்த வாயில் வெயில் என்பதை ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஆகவே ஜூன், ஜூலை, ஓகஸ்ட் நடைகளை வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைக்கு வையுங்கள். அங்கே அப்போது மழையைவிடக் காற்றுத்தான் தொல்லை. ட்ரைபொட்டின் நடுத் தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் நடுக்கம் குறையும்.

டிசெம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். வடகீழ்க் காற்று வெலிமடை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்தை நனைக்கும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலில் பகல் உணவுக்கு முன் கமராவை மூடிவிடுங்கள், பின்னேரம் இடிமழை வரும். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் நனையும் என்பதால் அந்த மாதங்களைப் பிரிண்ட் போடவும் கண்காட்சிக்கும் ஒதுக்கலாம்.

நடை அறிவிப்பில் "காலையில் சந்திப்போம்" என்று மட்டும் எழுதாதீர்கள். சூரியன் ஜூன் தொடக்கத்தில் 5.50 அளவில் எழும், ஜனவரி இறுதியில் 6.20 தாண்டும். அரை மணி முன்னதாக இடத்தில் நிற்கும்படி நேரத்தைப் போடுங்கள். மாற்றுத் திகதியையும், முந்தின நாள் மாலை எத்தனை மணிக்கு முடிவு சொல்வீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். மண்சரிவில் தடம் மூடும் காலங்களில் ரயிலை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

"தோட்டத்துப் பொது மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறோம். மண்டபம் 40 அடிக்கு 20 அடி. படங்கள் நாற்பது, பெரும்பாலும் போனில் எடுத்தவை. எல்லாம் வட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன. எந்த அளவில் பிரிண்ட் போடுவது? போன வருடம் டேப் போட்டு ஒட்டியவை விடியுமுன் கீழே விழுந்து கிடந்தன."
– கொட்டகலை வாசகி

"வட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன" என்ற வரிதான் எங்களைப் பயமுறுத்துகிறது. வழக்கம்போல அனுப்பும் படத்தின் நீளப் பக்கத்தை அது ஏறக்குறைய 1,600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. கொழுந்து இலையெல்லாம் கூழாகிவிடும். எடுத்தவரிடமே கேட்டு, போட்டோவாக இல்லாமல் டொக்கியுமன்ட் ஆக அனுப்பச் சொல்லி மூலப்படத்தை வாங்குங்கள். மூலம் அழிந்துபோன படத்தை அஞ்சலட்டை அளவில் போட்டு ஒரு பலகையில் சேர்த்து வைக்கலாம், அதற்குமேல் பெரிதாக்க வேண்டாம்.

சாதாரண 12 மெகாபிக்சல் போன் படம் 4,000க்கு 3,000 பிக்சல். 16க்கு 12 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 250 புள்ளி வரும், அது தாராளம். ஆனால் ஸ்டுடியோவில் கிடைக்கும் தாள் 12க்கு 18. அதன் விகிதம் வேறு. "தாள் நிறையப் போடுங்கள்" என்று விட்டுவிட்டால் படத்தின் குறுக்குப் பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். படுக்கை வாட்டில் எடுத்த படத்தில் முதலில் போவது தலைத்துண்டு, அடுத்தது பாதம். இரு ஓரத்திலும் ஒவ்வோர் அங்குலம் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் போடச் சொல்லுங்கள்.

முழுக்கட்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். ஒரு படத்தை உள்ளபடியும், வெளிச்சத்தை அரை ஸ்டொப் கூட்டியும், ஒரு ஸ்டொப் (அதாவது இருமடங்கு) கூட்டியும் 6க்கு 4இல் மூன்று பிரிண்ட் எடுத்து, அதே மண்டபத்து விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். போன் திரை தானே ஒளிர்வதால் அதில் சரியாகத் தெரிவது தாளில் இருட்டாகவே வரும். தேயிலைப் பச்சையை போன்கள் தாமாகவே கூட்டி வைத்திருக்கும். கொஞ்சம் குறைத்தால்தான் இலைக்கும் இலைக்கும் வித்தியாசம் தெரியும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேலே இருக்கும் குழல் விளக்கு ஒவ்வொரு முகத்தின் மேலும் வெள்ளைக் கோடாக விழும். மட் தாள் போதும்.

இனி விழுந்த கதை. சுண்ணாம்புச் சுவர் இரவில் ஈரம் இழுக்கும், டேப் சுண்ணாம்புப் பொடியோடு கழன்று வரும். சுவரை மறந்துவிட்டு, ஜன்னல் கம்பிக்குக் கம்பி கட்டுக்கம்பியை இறுக்கி இழுத்து, பைண்டர் கிளிப்பில் தொங்கவிடுங்கள். நைலோன் கயிறு மறுநாளே தொய்யும். 5 மில்லிமீற்றர் ஃபோம் போர்ட்டில் ஒட்டுவதாக இருந்தால் பின்பக்கமும் வெறுந்தாள் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தாள் இருந்தால் அது ஈரத்தில் விரிந்தும் காய்ந்து சுருங்கியும் பலகையை அப்பளம்போல வளைத்துவிடும். மாப்பசை கூடவே கூடாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்றிமீற்றரில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் கூட வருவார்களென்றால் பத்து குறைக்கலாம்.

கணக்கையும் பாருங்கள். 18 அங்குலப் படம், 6 அங்குல இடைவெளி என்றால் ஒன்றுக்கு இரண்டடி. நாற்பதுக்கு 80 அடி. உங்கள் மண்டபத்தின் நான்கு சுவரும் சேர்ந்து 120 அடி, அதில் மேடையும் கதவும் ஜன்னலும் போனால் 80 அடி மிஞ்சுமா என்பதே சந்தேகம். இருபத்துநான்கு படம் போதும். மற்றப் பதினாறு பேர் கோபித்துக்கொள்வார்கள் என்றால், ஒருவருக்கு ஒரு படம் என்று ஆரம்பத்திலேயே விதி வையுங்கள். நாற்பது படமும் எத்தனை பேருடையவை என்று அப்போது தெரிந்துவிடும்!

"கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்கப் போனால் காசு கேட்கிறார்கள். கொடுப்பது சரியா?"
– பதுளை வாசகர்

அவர்கள் கேட்பதில் பிழை என்ன இருக்கிறது? கிலோக் கணக்கில் கூலி பார்க்கும் ஒருவரை "இந்தப் பக்கம் திரும்புங்க அக்கா" என்று பத்து நிமிடம் நிறுத்தினால் அந்தப் பத்து நிமிடம் அவருடைய நிறையில் குறையும். நிறுத்தி, நடக்கவைத்து, சிரிக்கவைத்து எடுப்பதானால் அந்த நேரத்துக்குப் பேசிக் கொடுத்துவிடுங்கள். வேலையைக் குழப்பாமல் எடுப்பதானால் மலைக்குள் இறங்கும் முன் தோட்டத் துரையிடமும் கங்காணியிடமும் சொல்லிவிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நில்லுங்கள். கூட்டம், தராசு, களைப்பு, பகிடி எல்லாம் அங்கேதான் இருக்கும், யாரையும் நிறுத்தவும் தேவையில்லை. அடுத்த முறை போகும்போது ஒரு 6க்கு 4 பிரிண்டைக் கையில் கொடுங்கள். பிள்ளைகளென்றால் தாய் தகப்பனிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம், படக்குறிப்பில் பாடசாலைப் பெயரும் வேண்டாம்.

"தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்போது தண்டவாளத்தில் நின்று எடுக்கலாமா?"
– பண்டாரவளை வாசகர்

கூடாது. படமும் நன்றாக வராது, நேருக்கு நேர் நின்றால் வளைவுகளே தெரியாதே! பக்கத்துச் சரிவிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய 300 அடி நீளமும் 80 அடி உயரமும் ஒன்றாக விழும். ஷட்டர் வேகம் 1/500 செக்கன்.

"லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. வெயிலில் காயவைத்தால் போகுமா?"
– நுவரெலியா வாசகர்

பூஞ்சணம். லென்ஸின் ஒளித் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கம் டோர்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். வெளிக்கண்ணாடியில் மட்டும் என்றால் லென்ஸ் திரவத்தை மென்துணியில் நனைத்துத் துடைக்கலாம். உள்ளே என்றால் கழற்றிப் பழகிய திருத்துநரிடம்தான் கொடுக்க வேண்டும். நாள்பட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் போகாது. வெயில் புதிதாகப் படர்வதைத் தடுக்கலாம், படர்ந்ததை அழிக்காது.

அடுத்த லென்ஸையாவது காப்பாற்றுங்கள். றப்பர் விளிம்போடு இறுக மூடும் 10 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டி, துணிப்பையில் கட்டிய 250 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி, இவ்வளவுதான். முள் 40 சதவீதத்துக்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போக விட்டால் உள்ளிருக்கும் மசகும் றப்பரும் காயும். செம்மஞ்சள் மணி பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்கு வரும். நீல மணி வாங்காதீர்கள், அதிலுள்ள கோபால்ட் சமையல் பாத்திரத்துக்கு ஆகாது. அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் தூசியைத்தான் சேர்க்கும். தோல் உறையில் வைத்துப் பூட்டுவது பூஞ்சணத்துக்குப் பாய் விரிப்பது மாதிரி.

இன்னொன்று, விடியற்குளிரில் எடுத்துவிட்டு அப்படியே ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலை) கொழுந்து காயவைக்கும் இடத்துக்குப் போனால் லென்ஸ் உடனே வியர்க்கும். வெளியிலேயே கமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டு, உள்ளே போய் அரை மணி கழித்துத் திறவுங்கள்.

"காமன் கூத்தைப் படமெடுத்தால் முகங்களில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன."
– மஸ்கெலியா வாசகி

கூத்துக் களத்தில் கட்டிய குழல் விளக்கும் எல்இடியும் செய்யும் வேலை அது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு நூறு தரம் துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பட்டை மறையும். 1/250 என்றால் வரும். லென்ஸ் துவாரத்தை எஃப் 1.8இலும், ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 3200இலும் வைத்துத் தொடங்குங்கள். காமன் எரியும் கட்டத்தில் வெளிச்சத்தைத் தீயில் அளக்காமல் முகத்தில் அளங்கள், தீ வெளுத்துப் போனால் பரவாயில்லை. போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள், அது ஒன்றிரண்டு செக்கன் திறந்திருப்பதால் ஆடுபவர் புகையாகிவிடுவார். ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தீ வெளிச்சம் செத்துப்போகும், வேடம் கட்டியவரின் கண்ணும் கூசும்.

"பொகவந்தலாவையில் ஒரு பழைய படக்காரரின் கல்லறை இருக்கிறதாமே, குழுவோடு போகலாமா?"
– ஹட்டன் வாசகர்

ஜூலியா மார்கரட் கமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர், 48 வயதில்தான் கமராவைக் கையில் எடுத்தார். 1875இல் இங்கே வந்து, 1879 ஜனவரி 26இல் இறந்தார். அவரும் கணவரும் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் இருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் ஈர மருந்து பூசி, அது காயுமுன் எடுத்துக் கழுவும் முறை அவருடையது, நிறைய நல்ல தண்ணீர் வேண்டும். இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் ஒன்றின் தலைப்பு 'களுத்துறை உழவர் குழு', ஒருவர் பெயரும் இல்லை. கொட்டகலை வாசகியும் இதைக் கவனிக்கட்டும், உங்கள் கண்காட்சிப் படக்குறிப்பில் "தேயிலைப் பெண்" என்று எழுதாமல், அவரிடம் கேட்டு அவர் பெயரையும் தோட்டத்து டிவிஷனையும் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக பஸ் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை நேரத்தைத் தவிர்த்து, அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். கல்லெழுத்தை நேரே வெளிச்சம் அடித்து எடுத்தால் படிக்க முடியாது. ஒருவர் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கட்டும், எழுத்து எழும்பி நிற்கும்.