கொய்யா இலை மென்னா மட்டும் போதுமா?

கேள்வி: அண்ணே, எங்க வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட் பிடிப்பார். வீட்டுக்குள்ள பிடிக்க மாட்டார், மொட்டை மாடிக்குப் போயிட்டு வாய்ல ஹால்ஸ் போட்டுக்கிட்டுதான் இறங்கி வருவார். ஆனாலும் வாசப்படில கால் வச்சதுமே குப்புன்னு அடிக்குது. சொன்னா, "எனக்கு ஒண்ணும் தெரியலையே, உனக்குத்தான் மோப்ப மூக்கு"ன்னு கோவிச்சுக்கறார். நிஜமாவே தெரியாதா, இல்ல நடிக்கிறாரா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நடிக்கலம்மா, பாவம். பதினாலு வருஷம் பிடிச்சவன் சொல்றேன், சத்தியமா தெரியாது. நீங்க காலைல மல்லிப்பூ வச்சீங்கன்னா ஒரு கால் மணி நேரம் வாசம் தெரியும், அப்புறம் பூ இருக்கறதே மறந்து போகும், ஆனா பஸ்ல பின்னாடி சீட்ல இருக்கற அம்மாவுக்கு அது கமகமன்னு போய்க்கிட்டுதான் இருக்கும். மூக்கு அப்படித்தான், ஒரே வாசனை விடாம வந்துக்கிட்டே இருந்தா அதைக் கணக்குல எடுக்கறதை விட்டுடும். கருவாட்டுக் கடைக்காரர் முகத்தைச் சுளிச்சு யாராச்சும் பார்த்திருக்கோமா? இதுல புகை பிடிக்கறவருக்கு இன்னொண்ணும் சேருது, புகை பட்டுப் பட்டு மோப்ப சக்தியே மந்தமாயிடும்.

ஹால்ஸ் மேட்டருக்கு வரேன். நான் காலேஜ் படிக்கறப்ப கொய்யா இலை மென்னுட்டு வீட்டுக்குப் போவேன், வாயை ஊதிக் காட்டச் சொன்னாலும் தைரியமா ஊதுவேன். எங்கம்மா வாயைக் கேக்கவே இல்ல, துவைக்க எடுத்த சட்டையோட காலரை ஒரு தடவை மோந்து பார்த்துட்டு வாளில போட்டாங்க, அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு மட்டும்தான், பேச்சு கிடையாது. நாத்தம் வாய்ல மட்டும் இல்லம்மா, முடில, மீசைல, விரல் இடுக்குல, சட்டைல எல்லாம் ஏறி உக்காந்துக்கும், கடைசி இழுப்பு இழுத்து முடிச்ச பிறகும் நுரையீரல்லேர்ந்து கொஞ்ச நேரம் மூச்சோட வந்துக்கிட்டே இருக்கும். மிட்டாய் என்ன பண்ணும், புதினாவும் பீடியும் கலந்த மாதிரி புதுசா ஒரு வாடை, அது இன்னும் மோசம்.

வாடை மட்டும்னா சகிச்சுக்கலாம். துணியிலயும் சுவத்துலயும் ஒட்டுன நிக்கோடின், காத்துல இருக்கற நைட்ரஸ் அமிலத்தோட சேர்ந்து புற்றுநோய் வரவைக்கிற நைட்ரோசமின்களா மாறுதுன்னு அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல 2010லயே கண்டுபிடிச்சுட்டாங்க. தவழ்ற குழந்தை இருக்கற வீடுன்னா மாடிலேர்ந்து வந்ததும் சட்டையை மாத்திட்டு, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு தூக்கச் சொல்லுங்க, இதுல மட்டும் விட்டுக் கொடுக்காதீங்க.

நான் விட்டு ஒரு மாசம் இருக்கும், பரண்ல கிடந்த பழைய ஹெல்மெட்டை எடுத்துத் தலைல மாட்டினேன். மாட்டின வேகத்துல கழட்டிட்டேன். உள்ள இருந்த ஸ்பாஞ்சு பூரா பழைய சாம்பல் கிண்ணம் மாதிரி ஒரு வாடை, யாரோடதுன்னு பொண்டாட்டிகிட்ட கேட்டேன். "உங்களோடதுதான், இத்தனை வருஷம் வண்டில பின்சீட்ல உக்காந்து நான் மோந்தது"ன்னா.