ஓய்வின் முதல் ஐந்து வருடங்களைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்

"இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறேன். உடம்பும் கெடாமல், சேர்த்த பணமும் கரையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2019 கடைசியில் ஓய்வு பெற்றேன். முப்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். ஓய்வுக்கு முன்னால் நானும் இதையே பலரிடம் கேட்டேன். எல்லோரும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் பற்றியே பேசினார்கள். அது முக்கியம்தான், ஆனால் நான் அனுபவத்தில் கண்டது வேறு. முதல் நான்கைந்து வருடத்தை எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பிந்தைய இருபது, இருபத்தைந்து வருடமும் அமைகிறது. பணமும் அப்படித்தான், உடம்பும் அப்படித்தான்.

முதலில் பணம். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கையில் 100 இருக்கிறது, முழுவதும் பங்குச் சந்தையில். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் செலவுக்கு 5 எடுக்கிறீர்கள். முதல் வருடமே சந்தை 30 சதவீதம் விழுகிறது, அடுத்த நான்கு வருடமும் 10 சதவீதம் ஏறுகிறது. ஐந்தாம் வருட முடிவில் ஏறக்குறைய 72 மிஞ்சும். இப்போது வரிசையை மாற்றுங்கள்: நான்கு வருடம் ஏற்றம், ஐந்தாம் வருடம் சரிவு. கையில் 81 இருக்கும். ஏற்ற இறக்கமும் அதேதான், எடுத்த தொகையும் அதேதான். சரிவு முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது மட்டுமே வித்தியாசம். நடுவில் ஒன்றுமே எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டு வரிசையிலும் 102 வந்திருக்கும்.

காரணம் எளிது. விலை விழுந்த நேரத்தில் வீட்டுச் செலவுக்காக விற்றது, விலை ஏறும்போது நம்மிடம் இருக்காது. வேலையில் இருக்கும்வரை சரிவைப் பற்றிக் கவலைப்படாமல் காத்திருக்கலாம், சம்பளம் வந்துகொண்டிருக்கும். ஓய்வு பெற்ற மறுமாதமே அந்த வசதி போய்விடுகிறது.

நான் ஓய்வு பெற்று சில மாதத்திலேயே, 2020 பிப்ரவரி மார்ச்சில், உலகச் சந்தைகள் சில வாரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தன. எங்களைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான். மூன்று வருட வீட்டுச் செலவுக்கான தொகையை வங்கியில் வைப்புத்தொகையாகத் தனியே போட்டு வைத்திருந்தோம். மாதச் செலவு அதிலிருந்து வந்தது, சந்தையில் இருந்ததைத் தொடவேயில்லை. பிறகு விலை தேறியதும் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, எடுத்த அளவுக்கு வைப்புத்தொகையை மறுபடி நிரப்பினோம். சந்தையில் பணம் போட்டிருப்பவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான். இரண்டு வருடச் செலவாவது உடனே எடுக்கும்படி தனியே இருக்கட்டும், மூன்று வருடம் என்றால் இன்னும் நல்லது.

அப்படியென்றால் எல்லாவற்றையுமே வைப்புத்தொகையில் போட்டுவிடலாமே என்று தோன்றும். என் கணவரும் அதைத்தான் சொன்னார். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் அது பாதுகாப்பு இல்லை. ஒரு குறுக்குவழி உண்டு: 72 என்ற எண்ணை (மேலே மிஞ்சிய தொகை அல்ல இது) விலையேற்ற விகிதத்தால் வகுத்துப் பாருங்கள், செலவு இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்துவிடும். வருடத்துக்கு 6 சதவீதம் என்றால் 12 வருடம். அறுபது வயதில் ஆகும் செலவு 72 வயதில் இரண்டு மடங்கு, 84 வயதில் நான்கு மடங்கு. வட்டி அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காவிட்டால், எண் குறையாமலே பணத்தின் மதிப்பு தேய்ந்துவிடும். அதனால் ஒரு பகுதியாவது வளரும் இடத்தில் இருக்க வேண்டும்.

வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு 4 சதவீதம் என்றொரு அளவு அடிக்கடி காதில் விழும். 1994இல் வில்லியம் பெங்கென் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்நாட்டுப் பழைய சந்தைக் கணக்குகளை வைத்துச் சொன்னது. முதல் வருடம் மொத்தத்தில் 4 சதவீதம் எடுப்பது, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு மட்டும் அதைக் கூட்டிக்கொண்டே போவது. பங்கும் கடன்பத்திரமும் கலந்த சேமிப்பு அப்படி 30 வருடம் தாங்கியது என்பது அவர் கண்டது. அது அந்த நாட்டுச் சந்தையின் கணக்கு. உங்கள் நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 8, 9 சதவீதம் எடுக்கத் திட்டம் போட்டிருப்பவர் மறுபடி யோசிக்க இது போதும்.

சரி, உடம்புக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

ஓய்வு பெற்ற முதல் வருடம் நான் உட்கார்ந்தே கழித்தேன். முப்பது வருட அலுப்பு, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். நடைப்பயிற்சி மட்டும் விடவில்லை, அது போதும் என்றும் நம்பினேன். ஒரு நாள் தரையில் உட்கார்ந்து பழைய காகிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தவள், எழுந்திருக்க முயன்றபோது பக்கத்தில் இருந்த கட்டிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தும் இரண்டாம் முறைதான் எழுந்தேன். அன்றைக்கு ஏற்பட்ட பயம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதன் பிறகு போய்ப் பார்த்த உடலியக்க மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொன்னார். 60 முதல் 64 வயதுக்குள் பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலும், ஆண்களுக்கு 14க்குக் குறைந்தாலும், கால் வலு சராசரிக்குக் கீழே என்று பொருள், விழும் ஆபத்தும் கூடுதல். எனக்கு 9 வந்தது. தினமும் நடந்துகொண்டிருந்தவளுக்கு 9.

நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, வாரம் இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சிகள். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

வயதாகிவிட்டது, இனி எங்கே தசை வளரப் போகிறது என்று நினைக்காதீர்கள். 1990இல் அமெரிக்காவில் மரியா ஃபியாட்டரோனும் உடன் பணியாற்றியவர்களும், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. பத்துப் பேரைக் கொண்ட சின்ன ஆய்வுதான். ஆனாலும் அதைப் படித்த பிறகு, அறுபதுகளில் இருக்கும் நான் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

நான் செய்வது ஒன்றும் பெரிதில்லை. நாற்காலியில் எழுந்து உட்காருவது மூன்று சுற்று. குதிகாலை உயர்த்தி இறக்குவது. தண்ணீர் நிரப்பிய புட்டிகளைக் கையில் பிடித்துத் தூக்குவது. பல் தேய்க்கும்போது ஒரு காலில் நிற்பது. தொடக்கத்தில் கை கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், இப்போது விரல் நுனி மட்டும் அதில் இருக்கும். நான்கு மாதத்தில் 9 என்பது 14 ஆனது. ஒவ்வொரு வேளையும் உணவில் புரதம் இருக்கும்படியும் பார்த்துக்கொள்கிறேன். இதய நோயோ மூட்டுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மருந்து விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். என் கணவருக்குத் திடீரென்று எழுந்து நின்றால் தலைசுற்ற ஆரம்பித்தது. வயதுதான் காரணம் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டோம். ஒரு நாள் மாத்திரைப் பட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படித்தேன். இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு நிறுவனப் பெயரில் எழுதிக்கொடுத்த இரண்டு ரத்த அழுத்த மாத்திரைகளும் ஒரே மருந்து. அவர் இரட்டை அளவு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்றே மருத்துவரிடம் பேசி ஒன்றை நிறுத்தினோம், தலைசுற்றல் நின்றது. அப்புறம் எந்த மருத்துவரிடம் போனாலும், எல்லா மருந்துகளும் எழுதிய ஒரே தாளைக் கையில் கொண்டு போகிறோம். நீங்களும் செய்யுங்கள். காது மந்தமானாலும் தள்ளிப்போடாமல் பரிசோதியுங்கள், கேட்கும் திறன் குறைவது மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று.

உங்கள் மருத்துவக் காப்பீடு அலுவலகம் தருவது என்றால், வேலையோடு அதுவும் போய்விடுமா என்று இப்போதே கேளுங்கள். போய்விடும் என்றால், ஆரோக்கியமாக இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பல காப்பீடுகளில் காத்திருப்புக் காலம் உண்டு. அதை வேலையில் இருக்கும்போதே கழித்துவிடலாம்.

மொத்தத் தொகை கைக்கு வரும் முதல் வருடத்தில் சொந்தபந்தங்கள் கேட்டு வருவார்கள், பலருக்கு உண்மையாகவே தேவையும் இருக்கும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி இது: திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையை மட்டும், கொடையாக நினைத்தே கொடுப்பது. யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை. சொன்னபோது மனம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசியாக, உங்களிடம் இருக்கும் இந்த இரண்டு வருடத்தைப் பற்றி. ஆறு மாதம், ஓய்வுக்குப் பிறகு வரப்போகும் வருமானத்தில் மட்டும் வாழ்ந்து பாருங்கள், மீதிச் சம்பளத்தைத் தொடாதீர்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது மாதச் செலவு நினைத்தபடியே இருந்தது. கணக்கில் வராமல் போனவை இரண்டு: பல் வைத்தியமும், வீட்டுக் கூரைப் பழுதும். இரண்டும் இப்போது எங்கள் செலவுக் குறிப்பேட்டில் ‘வருடம் ஒருமுறை’ என்ற தலைப்பின் கீழ்த் தனித்தனி வரியாக இருக்கின்றன.