சுமையேற்றிய சைக்கிளில் ஹேண்டில்பார் ஆடுவது

ஓரிரவுப் பயணத்துக்காகச் சுமையேற்றிய உங்கள் சைக்கிளில் இறக்கத்தில் ஹேண்டில்பார் ஆடுகிறது, ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையை) மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாரம், தண்ணீர் எல்லாவற்றையும் கேரியரின் மேலே உயரமாக அடுக்கியிருப்பதுதான் இறக்கத்தில் ஹேண்டில்பார் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம். ஓரிரவுப் பயணத்துக்காக ஃபோர்க்கை மாற்ற வேண்டியதில்லை. சுமையின் இடத்தை மாற்றினாலே போதும்.

தண்ணீர், அடுப்பு, உணவு ஆகிய கனமான பொருள்களைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில், பின்சக்கர அச்சுக்கு நேர் மேலோ சற்று முன்னோ வருமாறு வைத்து, உறக்கப்பை போன்ற இலேசானவற்றை மட்டும் மேலே இறுகக் கட்டுங்கள். கூடாரத்தை ஹேண்டில்பாரில் கட்டினால் முன்சக்கரத்துக்கும் சிறிது பாரம் கிடைக்கும்.

பிறகும் ஆட்டம் இருந்தால், முன் பிரேக்கை இறுகப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்து, ஃபோர்க்கின் தண்டு சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே 'டக்' என்று தட்டுவது விரலுக்குத் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. கேரியரின் கீழ் போல்ட்டுகளையும் திருகிப் பாருங்கள். பை மறைத்துவிடுவதால் யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

ஓடும்போதே ஆட்டம் தொடங்கினால், பிடியை இறுக்காமல், ஒரு முழங்காலைச் சட்டத்தின் மேல்குழாயோடு அழுத்திக்கொண்டு வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கேரியரில் பொறித்திருக்கும் எடை வரம்பைச் சுமை தாண்டினாலோ, சட்டத்தில் விரிசல் தென்பட்டாலோ மேற்சொன்ன எதுவும் உதவாது, அந்த வண்டியைச் சுமையோடு ஓட்டாதீர்கள். புதிய அடுக்கலையும் போக்குவரத்து இல்லாத மெல்லிய சரிவில் ஓட்டிப் பார்த்த பிறகே புறப்படுங்கள்.