“காத்திருக்கவும்” லேபிள் ஏன் தாமதமாகத் தெரிகிறது?

கும்பகோணம் நெல் மண்டிக்கு வின்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் திரைகள் அமைக்கும் டாட்நெட் கருவி) எழுதிய மென்பொருளில், வரவுப் பட்டியல் வந்து சேர்ந்த பிறகுதான் “காத்திருக்கவும்” தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

லேபிளின் எழுத்தை மாற்றுவது வேறு, அதைத் திரையில் வரைவது வேறு. திரையைக் கவனிக்கும் ஒரே வேலைத்தொடர் யூஐ த்ரெட். வரைய வேண்டிய அதுவே டேட்டாபேஸ் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தால் யார் வரைவது? ஐந்து விநாடி இப்படி நின்றால், “நாட் ரெஸ்பாண்டிங்” என்று விண்டோஸே போட்டுவிடும்.

டாட்நெட் 4.5 முதல் வழி சுலபம். பட்டனை அழுத்தினால் ஓடும் ஈவென்ட் நிரலை ஏசிங்க் (async) ஆக்குங்கள். லேபிளைக் காட்டி, பட்டனை முடக்கி, தகவல் எடுப்பதை, வேலையைப் பின்னணி த்ரெட்டில் ஓட்டும் டாஸ்க்.ரன் (Task.Run) உள்ளே வைத்து அவெய்ட் (await: திரையை நிறுத்தாமல் காத்திருப்பது) செய்யுங்கள். லேபிளை மறைப்பதும் பட்டனைத் திறப்பதும் ஃபைனலியில் (finally: பிழை வந்தாலும் ஓடும் பகுதி) இருக்கட்டும்; நெட் அறுந்தாலும் திரை சிக்கிக்கொள்ளாது. டாஸ்க்.ரன்னுக்குள்ளிருந்து பட்டியலைக் காட்டும் கிரிடைத் தொடாதீர்கள். அவெய்ட்டுக்குப் பிறகு நிரப்புங்கள்.

பட்டனை முடக்குவதை விட்டுவிடாதீர்கள். மன்னார்குடி உரக்கடை ஒன்றுக்கு நான் எழுதியதில் விட்டுவிட்டேன். குறுவைக் கூட்டத்தில் கடைப் பையன் மறுபடி மறுபடி அழுத்த, ஒரே பட்டியல் மூன்று முறை ஓடியது. பாவம், அவனைத் திட்டினார்கள், தவறு என்னுடையது.

“லோடிங்” என்பதைவிட “நெல் வரவு எடுக்கப்படுகிறது” என்று போடுங்கள். ஒரு விநாடிக்குள் முடிந்தால் எதுவும் வேண்டாம். பத்து விநாடி தாண்டுமென்றால் ரத்து பட்டனும் வையுங்கள்.