கல்கிசைக் கரையில் செலவாகும் பணம் ஊருக்குள் எவ்வளவு தங்குகிறது?

கேள்வி: கல்கிசைக் கடற்கரையை ஒட்டியது எங்கள் குடியிருப்பு. உணவகங்களும் தங்குமிடங்களும் கூடிக்கொண்டே போகின்றன. சனம் வருகிறது, ஆனால் எங்கள் ஒழுங்கையில் வாடகைதான் ஏறுகிறது, வருமானம் ஏறவில்லை. நலன்புரிச் சங்கமாக இதை எப்படிக் கணக்கெடுப்பது? யாரிடம் எதைக் கேட்பது?

பதில்: வருகிறவர்களின் தலையை எண்ணினால் எதுவும் தெரியவராது. செலவான ரூபாய் அடுத்து யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். உணவகத்தில் செலவாகும் 100 ரூபாயில் 40 உங்கள் வட்டாரத்தாரிடம் சேர்ந்து, அவர்களும் அதே விகிதத்தில் உள்ளூரில் செலவழித்தால், 40, 16, 6.40 என்று சுற்றி மொத்தம் ஏறத்தாழ 67 ரூபாய் உள்ளூர் வருமானமாகும். அந்த 40 எல்லாச் சுற்றிலும் 60 ஆனால் மொத்தம் 150. ஆகவே இன்னும் ஆள் வரட்டும் என்று காத்திருப்பதைவிட, வந்த பணத்தைப் பிடித்து வைப்பதில்தான் பலன் அதிகம்.

கணக்கை ஜனவரியில் ஒருதரமும் ஜூனில் ஒருதரமும் எடுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். கடற்கரை தேடி வரும் வெளிநாட்டார் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடா, அறுகம்குடாப் பக்கம் போய்விடுவார்கள். ஜனவரி வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிவிடுவதுதான் பலரும் விடும் பிழை. முதலாளியிடம் இலாபம் கேட்காதீர்கள், சரியான பதில் வராது. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மீன், யாரிடம், காசுக்கா கடனுக்கா என்று கேளுங்கள். படுக்கை விரிப்பு எங்கே சலவைக்குப் போகிறது, வேலையாட்கள் எந்தக் கிராம சேவையாளர் பிரிவு, கட்டடச் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்பவற்றையும் கேளுங்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள்.

மீன் கணக்கில்தான் ஓட்டை பெரிதாகத் தெரியும். தெஹிவளைக் கரையில் தோணி வந்து சேரும்போதே, பக்கத்து உணவகத்துக்குப் பேலியகொடை மொத்த மீன் சந்தையிலிருந்து மீன் லொறியில் வந்து இறங்கலாம். விலை மட்டும் இதற்குக் காரணமல்ல. சமையலறைக்கு ஒரே அளவான பாரை தினமும் வேண்டும், பில் வேண்டும், பணம் கொடுக்க இரண்டு கிழமையோ ஒரு மாதமோ தவணை வேண்டும். அன்றைய எண்ணெய்க் காசுக்கே அன்றைய மீனை விற்கும் தொழிலாளியால் அந்தத் தவணையைத் தாங்க முடியாது. தாங்கக்கூடிய இடைத்தரகர் நடுவில் நுழைகிறார். இதைச் சங்கத்தால் தீர்க்கலாம். நாலைந்து தோணிக்காரரைச் சேர்த்து, பிரதேச செயலகத்தில் ஒரு வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் பில் புத்தகமும் எடுங்கள். மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ என்று பெட்டியில் அடுக்குங்கள். நமது வெயிலுக்கு அதற்குக் குறைந்தால் மதியத்துக்குள் செவுள் நிறம் மாறிவிடும், சமையற்காரர் மறுநாள் வாங்கமாட்டார். தோணிக்காரருக்கு அன்றே பணம் கொடுக்க ஒரு சிறு சுழல் நிதி வேண்டும். இரண்டு கிழமை விற்பனைக்கு ஈடான தொகை இல்லாமல் தொடங்கினால் இடையில் நின்றுவிடும்.

வேலைவாய்ப்பில் எண்ணிக்கையைவிடத் தரத்தைப் பாருங்கள். பில்லில் போடும் 10 சதவீத சேவைக் கட்டணம் ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறதா? ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 சதவீதமும் கட்டப்படுகிறதா? நாட்சம்பளத்துக்கு எடுத்த பிள்ளைகள் ஜூனில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்களா? உள்ளூர் ஆட்களுக்கு வேலை கேட்கும்போது இவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

வாடகை ஏறுவதற்கு மாத வாடகை அனெக்ஸ்கள் (வீட்டோடு ஒட்டிய தனிப்பகுதிகள்) நாள் வாடகைக்கு மாறுவதும் ஒரு காரணம். எத்தனை வீடு அப்படி மாறியது என்று ஒழுங்கை வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்த வீட்டில் ஓர் அறையை விடும் குடும்பத்தைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஹோம்ஸ்டே ஆகப் பதிய ஊக்குவியுங்கள், அந்தப் பணம் இங்கேயே தங்கும். முழு வீட்டையும் எடுத்து மறுவாடகைக்கு விடும் வெளியாரின் வருமானத்தை உள்ளூர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தோணி இழுக்கும் இடத்தை உணவகக் கதிரைகளுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். இது எங்கள் உறுதியான கருத்து. 2018 இல் 23 இலட்சத்துக்கு மேல் இருந்த நாட்டின் பயணிகள் வருகை, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கும் கொரோனாவுக்கும் பிறகு 2020 இல் 5 இலட்சமளவுக்கு விழுந்தது. அப்படிப்பட்ட காலத்தில் மீன்பிடித் தொழிலும் கையில் இல்லாத கரை என்னாகும்? (2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கடலுக்குப் போகவும் தடை வந்தது. ஒன்றையே நம்பியிருக்க முடியாது என்பதற்கு அதுவும் சாட்சி.)

மணலில் புதிதாகக் கொட்டகை எழுந்தால், அனுமதிப் பத்திரம் உண்டா என்று கரையோரம் பேணல் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்ட அனுமதி வேண்டும். கடிதத்தின் பிரதியை மாநகர சபைக்கும் அனுப்பி, இரண்டுக்கும் பதிவுத்தபால் ரசீதை வைத்திருங்கள்.